விடுதி அறையில் ரூட்டர் மாட்டினேன், மாடி முழுக்க இணையம் போய்விட்டது

ஜன்னலோரம்:

வணக்கம். மூன்று நாளாக என் பல்கலைக்கழக இணையக் கணக்கை முடக்கி வைத்திருக்கிறார்கள். இதை மொபைல் டேட்டாவில் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். விடுதியில் என் அறைக்கு வைஃபை சரியாக எட்டாது, கதவைச் சாத்தினால் ஒரு கோடுதான் காட்டும், ஆன்லைன் வகுப்பு பாதியில் நின்றுவிடும். சுவரில் நெட்வொர்க் கேபிள் செருகும் இடம் ஒன்று யாரும் தொடாமல் இருந்தது. வீட்டில் சும்மா கிடந்த பழைய ரூட்டரை எடுத்து வந்து ஒரு காலையில் அவசர அவசரமாக அதில் மாட்டினேன். இணையம் வரவில்லை. சரி, மாலையில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அப்படியே ஆன் செய்து வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது மாடியில் யாருக்கும் இணையம் இல்லை. இரண்டு அறை தள்ளி இருக்கும் இறுதியாண்டு அண்ணன் ஒருவருக்கு அன்று மதியம் வேலைக்கான ஆன்லைன் நேர்காணல். பாதியில் துண்டிக்கப்பட்டு, அவர் திரும்ப உள்ளே வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. நெட்வொர்க் அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் அறை அறையாகத் தேடி என் கதவைத் தட்டியபோதுதான் காரணம் நான் என்று எனக்கே தெரிந்தது. அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

கணக்கை முடக்கியது பற்றி எனக்குப் புகார் இல்லை. கையளவு பெட்டி ஒன்று ஒரு மாடியின் இணையத்தையே எப்படி நிறுத்த முடியும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அப்புறம், இதுவே எனக்குத் தெரியாமல் நடந்தது என்றால் தெரியாமல் இன்னும் என்னென்ன செய்துகொண்டிருக்கிறேன்? என் லேப்டாப்பில் டொரண்ட் இருக்கிறது, போனில் இலவச விபிஎன் இருக்கிறது, என் பாஸ்வேர்ட் இரண்டு நண்பர்களுக்குத் தெரியும். சேரும்போது விதிமுறைகள் என்று நீளமாக ஒன்றைக் காட்டினார்கள், 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்தியதோடு சரி. இப்போது எடுத்துப் படித்தால் செய்யக்கூடாது, செய்யக்கூடாது என்று வரிசையாகப் போகிறது, ஏன் என்று ஓரிடத்திலும் இல்லை. அந்த 'ஏன்' தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


சுவிட்ச் அறை:

தம்பி, நான் வேறொரு பல்கலைக்கழகத்தில் பதினோரு வருடமாக நெட்வொர்க் பார்க்கிறேன். நீங்கள் செய்ததை வருடத்துக்கு இரண்டு பேராவது செய்கிறார்கள், பெரும்பாலும் விடுமுறை முடிந்து திரும்பிய முதல் வாரத்தில்.

முதலில் அந்தப் பெட்டி என்ன செய்தது என்பதைச் சொல்கிறேன். ஒரு போனோ லேப்டாப்போ நெட்வொர்க்கில் நுழைந்ததும் அதற்கு ஒரு ஐபி முகவரி வேண்டும், நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண் அது. யாரிடம் கேட்பது என்று அதற்குத் தெரியாது, அதனால் நெட்வொர்க்கின் அந்தப் பிரிவில் உள்ள எல்லாருக்கும் கேட்கும்படி 'யாராவது எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்' என்று கூவும். முகவரி கொடுப்பதற்கென்றே இருக்கும் பல்கலைக்கழகத்தின் டிஎச்சிபி சர்வர் பதில் சொல்லும். ஆனால் வீட்டு ரூட்டருக்குள்ளும் அதே வேலையைச் செய்யும் ஒரு சின்ன சர்வர் இருக்கிறது, வீட்டில் அதுதானே எல்லா போனுக்கும் முகவரி கொடுக்கிறது. ரூட்டரின் பின்னால் வெளி இணையத்துக்கென்று தனியாக ஒரு துளை இருக்கும், மற்ற நான்கும் வீட்டுக்குள் இருக்கும் கருவிகளுக்கு. நீங்கள் சுவரிலிருந்து வந்த கேபிளை அந்த நான்கில் ஒன்றில் செருகியிருப்பீர்கள். அந்த நிமிடத்திலிருந்து உங்கள் ரூட்டர் முழு மாடியையும் தன் வீடு என்று நினைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் 192.168 என்று தொடங்கும் முகவரியைக் கொடுத்து, 'வெளியே போக வேண்டுமானால் என் வழியாகப் போங்கள்' என்று சொல்லிவிட்டது. அதன் வழியாக வெளியே எந்த வழியும் இல்லை. இந்த முறையில் யார் முதலில் பதில் சொல்கிறாரோ பெரும்பாலும் அவர் சொன்னதுதான் எடுபடும், பத்தடி தூரத்தில் இருக்கும் உங்கள் பெட்டி தூரத்துக் கட்டடத்தில் இருக்கும் சர்வரை முந்திக்கொண்டிருக்கும்.

பெட்டியைக் கழற்றிய பிறகும் சிலருக்கு வெகு நேரம் இணையம் வராமல் இருந்திருக்குமே? வாங்கிய முகவரியைக் கருவி குறிப்பிட்ட நேரத்துக்கு வைத்துக்கொள்ளும், சில ரூட்டர்கள் 24 மணி நேரத்துக்குக் கொடுக்கும். வைஃபையை ஒரு முறை அணைத்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும், அது யாருக்கும் தெரிந்திருக்காது.

இதில் உங்கள் நிர்வாகத்துக்கும் பங்கு இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். அறைகளிலிருந்து வரும் கேபிள்களை இணைக்கும் பெட்டிகளைச் சுவிட்ச் என்போம், அவற்றில் டிஎச்சிபி ஸ்னூப்பிங் என்று ஒரு வசதி உண்டு, அனுமதிக்கப்பட்ட சர்வரைத் தவிர வேறு யார் முகவரி கொடுக்க வந்தாலும் அந்தப் பதிலைச் சுவிட்சே தூக்கிப் போட்டுவிடும். அதைப் போட்டிருந்தால் பாதிப்பு உங்கள் அறையோடு நின்றிருக்கும். கேபிளும் வைஃபையும் ஒரே பிரிவில் இருந்ததும் அவர்கள் கவனிக்க வேண்டியது.

சரியான துளையில் மாட்டியிருந்தால் பரவாயில்லையா என்று கேட்பீர்கள். அப்போதும் கூடாது, காரணம் காற்று. வைஃபை என்பது எல்லாரும் ஒரே அறையில் நின்று பேசுவது மாதிரி, ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. எந்த இடத்துக்கு எந்த சேனல் என்று நாங்கள் கணக்குப் போட்டு வைத்திருப்போம். நடுவில் ஒரு அறையில் ரூட்டர், பக்கத்து அறையில் போன் ஹாட்ஸ்பாட், எதிர் அறையில் வயர்லெஸ் பிரிண்டர் தன் பெயரை ஒலிபரப்பிக்கொண்டிருக்கிறது என்றால், எல்லாரும் எல்லாரையும் காத்திருக்க வைக்கிறார்கள். வைஃபை மோசம் என்று ஆளுக்கொரு ஹாட்ஸ்பாட் போடப் போட அது இன்னும் மோசமாகும், அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் போடுவார்கள். என் வேலையில் எனக்கு மிகவும் சலிப்பைத் தருவது இதுதான்.

அறைக்குச் சிக்னல் எட்டவில்லை என்றால் புகார் எழுதுங்கள், ஆனால் 'நெட் ஸ்லோ' என்று எழுதாதீர்கள், அதை வைத்து எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. எந்த அறை, எந்தக் கருவி, எந்த நாள் எத்தனை மணிக்கு, கதவைத் திறந்தால் சரியாகிறதா, கேபிள் மாட்டினால் சரியாகிறதா என்று நான்கு வரி எழுதினால் அது எங்களுக்குப் பெரிய உதவி. ஒரே அறையிலிருந்து அப்படி மூன்று புகார் வந்தால் மாடியில் இருக்கும் ஆக்சஸ் பாயிண்ட்டை, அதாவது வைஃபை பரப்பும் கருவியை, இடம் மாற்ற மேலிடத்தில் பேச எனக்கு ஒரு காகிதம் கிடைக்கிறது.

டொரண்ட். நீங்கள் இறக்குவதாக நினைக்கிறீர்கள், அது அதே நேரத்தில் உங்களிடமிருந்து மற்றவர்களுக்கு ஏற்றிக்கொண்டும் இருக்கிறது, இறக்கி முடித்த பிறகும் நிறுத்தாமல். நூற்றுக்கணக்கான இணைப்புகளைத் திறந்து வைக்கும். லேப்டாப்பை ஆன் செய்தாலே தானாக ஓடத் தொடங்கும்படி பலருடையது அமைந்திருக்கிறது, அதை முதலில் பாருங்கள். லினக்ஸ் போன்ற இலவச இயங்குதளங்களை இறக்க அது நல்ல வழிதான், அந்தத் தொழில்நுட்பத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. படம், மென்பொருள் என்று பதிப்புரிமை உள்ளதை இறக்கினால், அந்தக் கோப்பைப் பகிரும் கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று கவனிப்பதையே வேலையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஐபி முகவரி, போர்ட் எண் (அந்த முகவரியில் எந்த இணைப்பு என்று காட்டுவது), நேரம் மூன்றையும் போட்டு பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் வரும். வளாகத்தில் ஆயிரம் பேர் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் இருந்தாலும், அந்த மூன்றும் இருந்தால் பதிவேட்டில் தேடி ஒரு பெயருக்கு வந்துவிடலாம். நாங்களாக யாரையும் தேடுவதில்லை, கடிதம் வந்தால் தேடாமல் இருக்க முடிவதில்லை.

விபிஎன் என்பது உங்கள் போக்குவரத்தை மறைத்து இன்னொருவர் வழியாக அனுப்புவது. இலவச விபிஎன் பற்றி ஒன்று மட்டும். 2015இல் ஹோலா என்ற இலவச விபிஎன் விவகாரம் வெளியே வந்தது. அதைப் போட்டிருந்தவர்களின் இணைப்பு வழியாகவே முகம் தெரியாத மற்றவர்களின் போக்குவரத்தும் வெளியேறிக்கொண்டிருந்தது, அந்த வசதியை இன்னொரு பெயரில் காசுக்கும் விற்றார்கள். அந்த மாதிரி ஒன்று உங்கள் போனில் இருந்தால், யாரோ ஒருவர் செய்யும் மோசடி உங்கள் பெயரில் எங்கள் பதிவேட்டில் ஏறும். உங்கள் போனில் இருப்பது அப்படிப்பட்டது என்று நான் சொல்லவில்லை. அதை நடத்துபவருக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்று உங்களால் சொல்ல முடியவில்லை என்றால் நீக்கிவிடுங்கள். பல்கலைக்கழகமே நூலகத்துக்காகக் கொடுக்கும் விபிஎன் வேறு, அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.


நூலக மேசை:

சுவிட்ச் அறை சொன்னதோடு இன்னொன்றைச் சேர்க்கிறேன், மாணவர்கள் யாரும் இதைத் தவறு என்றே நினைப்பதில்லை. நான் ஆய்வு மாணவி. எங்கள் ஆய்வகத்தில் ஒருவர் இலக்கிய மீளாய்வுக்காக ஒரு பதிப்பகத்தின் தளத்திலிருந்து கட்டுரைகளை ஸ்கிரிப்ட் எழுதி ராத்திரி முழுக்க இறக்கினார். நல்ல நோக்கம்தான், எல்லாம் நாங்கள் படிக்க உரிமை உள்ள கட்டுரைகள். காலையில் எழுந்து பார்த்தால் அந்தப் பதிப்பகம் எங்கள் வளாகத்தையே வெளியே தள்ளிப் பூட்டிவிட்டது. அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு மாணவர் தெரிவதில்லை, ஒரு பல்கலைக்கழகத்தின் முகவரி மட்டும்தான் தெரிகிறது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் வாரத்தில் இருந்த என் தோழிக்கு ஐந்து நாள் எதையும் திறக்க முடியவில்லை.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததும் இல்லை. 2010 அக்டோபரில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக வளாகம் முழுவதற்கும் ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்களின் இணையக் காப்பகம் சில நாட்கள் அணுகலை நிறுத்தியது, அங்கிருந்து ஒருவர் மொத்தமாகக் கட்டுரைகளை இறக்கிக்கொண்டிருந்தார் என்பதால். ஆய்வுக் கட்டுரைகள் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று நானும் நினைக்கிறேன், அது பெரிய வாதம், இங்கே எடுக்கவில்லை. ஆனால் பூட்டு விழுந்த அன்று அடைபட்டது அந்த வாதத்தில் இல்லாத ஆயிரக்கணக்கானவர்கள்.

மொத்தமாகக் கட்டுரைகள் தேவைப்பட்டால் நூலகரிடம் போய்க் கேளுங்கள். உரைப் பகுப்பாய்வுக்கென்று பல பதிப்பகங்கள் தனி வழி வைத்திருக்கின்றன, வேகத்துக்கு ஒரு வரம்பு சொல்வார்கள், அதற்குள் இறக்கிக்கொள்ளலாம். நான் போன வருடம் கேட்டு இரண்டு நாளில் கிடைத்தது, நூலகர் சந்தோஷமாகச் செய்து கொடுத்தார்.


திறந்த கதவு:

எல்லாரும் சொன்னது சரி, ஆனால் ஒன்று விட்டுப்போகிறது, எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. விடுதி மாணவருக்கு அது வீடு. காலையில் வந்து மாலையில் போகும் அலுவலகம் மாதிரி அங்கே விதி போட முடியாது. அம்மாவோடு வீடியோவில் பேசுவது, விளையாடுவது, படம் பார்ப்பது, காதலித்தவரோடு சண்டை போடுவது எல்லாம் அந்த ஒரே இணைப்பில்தான் நடக்கிறது. 'கல்விப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று எழுதி வைத்தால் எல்லாரும் முதல் நாளே விதியை மீறியவர்கள் ஆகிவிடுகிறார்கள், அப்புறம் எந்த விதி உண்மையிலேயே முக்கியம் என்று யாருக்கும் தெரியாமல் போகிறது. ஜன்னலோரம் அந்த ஆவணத்தைப் படிக்காமல் விட்டதற்கு அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று, நெட்வொர்க் நடத்துபவர்களால் எதைப் பார்க்க முடியும் என்று மாணவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. அது தெரியாததால்தான் பாதிப் பேர் கண்ட விபிஎன்னையும் தேடிப் போகிறார்கள். எனக்குத் தெரிந்தவரை இப்படி: எச்டிடிபிஎஸ் (https) என்று முகவரி தொடங்கும் தளங்களில் நீங்கள் என்ன படித்தீர்கள், என்ன எழுதினீர்கள் என்பது வழியில் இருப்பவருக்குத் தெரியாது. எந்தத் தளத்துக்குப் போனீர்கள், எப்போது, எவ்வளவு டேட்டா என்பது பொதுவாகத் தெரியும். உங்கள் கருவியில் அவர்களுடைய ரூட் சான்றிதழ் (எந்தத் தளத்தை நம்பலாம் என்று கருவிக்குச் சொல்வது) ஒன்றை நிறுவச் சொல்லி நீங்கள் நிறுவியிருந்தால் அப்போது உள்ளடக்கத்தையும் பார்க்க வழி உண்டு, அதனால் அப்படி ஒன்றைக் கேட்டால் எதற்கு என்று கட்டாயம் கேளுங்கள். பதிவுகளை எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள், யார் கையெழுத்திட்டால் எடுத்துப் பார்க்கலாம் என்பதையும் எழுத்தில் கேட்கலாம். எங்கள் மாணவர் மன்றம் கேட்டு வாங்கி அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம், அதற்குப் பிறகு நெட்வொர்க் அலுவலகத்தோடு இருந்த முறைப்பு நிஜமாகவே குறைந்தது.


பயிற்சிக்கூடம்:

நடுவில் ஒரு சின்னக் கேள்வி. எனக்கு இணையப் பாதுகாப்புப் பாடம் இருக்கிறது. நெட்வொர்க்கை ஸ்கேன் செய்யும் என்மேப் என்ற மென்பொருளை வைத்து விடுதி நெட்வொர்க்கில் எந்தெந்தக் கருவி திறந்திருக்கிறது என்று பார்த்தேன், எதையும் தொடவில்லை, பார்த்ததோடு சரி. இதுவும் பிரச்சினையா?


சுவிட்ச் அறை:

பயிற்சிக்கூடம், ஆமாம், பிரச்சினைதான். எங்கள் திரையில் நீங்கள் கற்றுக்கொள்பவராகத் தெரிய மாட்டீர்கள், வைரஸ் புகுந்த ஒரு லேப்டாப் அக்கம்பக்கத்தைத் துழாவுவது போலத்தான் தெரியும், நாங்களும் அதற்கு ஏற்றபடி துண்டித்துவிடுவோம். சில பழைய பிரிண்டர்களும் ஆய்வகக் கருவிகளும் வெறும் ஸ்கேனுக்கே நின்றுவிடும். உங்கள் லேப்டாப்புக்குள்ளேயே இரண்டு மூன்று மெய்நிகர் கணினிகளைப் போட்டு அவற்றுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் பாருங்கள். அதற்கு மேல் வேண்டும் என்றால் ஆசிரியர் மூலமாக எழுத்தில் அனுமதி வாங்குங்கள், எந்த முகவரிகள், எந்த நேரம் என்று குறிப்பிட்டு. நான் இதுவரை அப்படிக் கேட்ட யாருக்கும் மறுத்ததில்லை.

கெட்ட எண்ணம் இல்லையே என்பது இந்தத் துறையில் எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்பதற்கு ஒரு மாணவரின் கதை இருக்கிறது. 1988 நவம்பர் 2ஆம் தேதி, கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ராபர்ட் டப்பன் மோரிஸ் ஒரு நிரலை எம்ஐடியின் கணினி ஒன்றிலிருந்து இணையத்தில் விட்டார். அது எதையும் அழிக்கவில்லை. ஏற்கெனவே புகுந்த கணினியில் திரும்பப் புகுவதா வேண்டாமா என்பதில் அவர் போட்ட கணக்கு பிசகியதால், ஒவ்வொரு கணினியிலும் பிரதி மேல் பிரதி சேர்ந்து கணினிகள் நின்றுபோயின. ஏறக்குறைய 6,000 கணினிகள் என்று அப்போது மதிப்பிட்டார்கள், அன்றைய இணையத்தில் பத்தில் ஒரு பங்கு. அவருக்கு மூன்று வருடக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூக சேவை, 10,050 டாலர் அபராதம் என்று தீர்ப்பானது. பின்னால் அவர் எம்ஐடியிலேயே பேராசிரியர் ஆனார், ஜன்னலோரம் தம்பி இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

திறந்த கதவு சொன்னதை முழுதாக ஏற்கிறேன். பதிவுகளை எத்தனை நாள் வைக்கிறோம் என்று எங்கள் தளத்தில் இரண்டு வருடம் முன்புதான் போட்டோம், முதலிலேயே போட்டிருக்க வேண்டும்.

பாஸ்வேர்ட் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பதிவேட்டில் கணக்கின் பெயர்தான் இருக்கும், விசைப்பலகையில் இருந்த விரல் யாருடையது என்று இருக்காது. நண்பர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும், அவர்கள் உங்கள் பாஸ்வேர்டை எங்கே சேமித்து வைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. அதே பாஸ்வேர்ட்தான் உங்கள் மின்னஞ்சலையும் மதிப்பெண் பக்கத்தையும் திறக்கும். ஒரு கணக்கு திருடர் கையில் போய் அதிலிருந்து ஒரே ராத்திரியில் மோசடி மின்னஞ்சல்கள் கிளம்பினால், வெளியே உள்ள மின்னஞ்சல் சேவைகள் எங்கள் சர்வரையே கறுப்புப் பட்டியலில் சேர்த்துவிடும். மறுநாள் யாரோ ஒரு மாணவர் மேற்படிப்புக்கு அனுப்பும் விண்ணப்பம் போய்ச் சேராது, ஏன் என்றும் அவருக்குத் தெரியாது. எடுரோம் (ஒரு பல்கலைக்கழகக் கணக்கை வைத்து மற்ற பல்கலைக்கழகங்களின் வைஃபையிலும் நுழையும் ஏற்பாடு) இருக்கும் பல்கலைக்கழகம் என்றால் இன்னொன்று: நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் அதே கணக்கு வேலை செய்யும், அங்கே ஏதாவது நடந்தாலும் கேள்வி உங்கள் சொந்தப் பல்கலைக்கழகத்துக்குத்தான் வரும். இணையும்போது சான்றிதழ் சரியில்லை என்று எச்சரிக்கை வந்தால் பரவாயில்லை என்று அழுத்திவிடாதீர்கள், அதே பெயரில் போலி வைஃபை வைத்துப் பாஸ்வேர்ட் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள்.


ஜன்னலோரம்:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு முறை படித்தேன். நேற்று கணக்கைத் திறந்துவிட்டார்கள். பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன், நண்பர்களிடமும் சொல்லிவிட்டேன், ஒருவருக்கு வருத்தம்தான். டொரண்ட் நிஜமாகவே லேப்டாப் ஆன் ஆனதும் ஓடிக்கொண்டிருந்தது, நான் ஆறு மாதம் முன்பு இறக்கிய ஒன்றை இன்னும் யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்தது. அதை நீக்கிவிட்டேன், விபிஎன்னையும்.

நெட்வொர்க் அலுவலகத்துக்கு நேரில் போனேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன், அங்கிருந்த அக்கா உட்கார வைத்துப் பேசினார். என் அறை உள்ள மூலைக்கு ஆக்சஸ் பாயிண்ட் எட்டாது என்று யாரும் இதுவரை எழுதிக் கொடுத்ததே இல்லையாம், நான்கு வருடமாக அந்த அறையில் இருந்தவர்கள் எல்லாரும் சொந்த ஹாட்ஸ்பாட்டில் ஓட்டியிருக்கிறார்கள். எழுதிக் கொடுத்தேன். சுவர் இணைப்பில் லேப்டாப்பை நேரடியாகக் கேபிளில் மாட்டிக்கொள்ள அனுமதி உண்டு என்றும் சொன்னார். அதைத்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். ஸ்னூப்பிங் பற்றியும் கேட்டேன், எங்கள் கட்டடத்தில் இருப்பது பழைய சுவிட்சுகள், மாற்றும்போது போடுவோம் என்றார்.

ஒரு சந்தேகம் இன்னும் இருக்கிறது. எனக்கு ஐந்து கருவிகள் வரைதான் அனுமதி, என்னிடம் இருப்பது இரண்டு, ஆனால் கணக்கில் ஐந்தும் நிரம்பிவிட்டதாகக் காட்டுகிறது. வேறு யாராவது என் பெயரில் நுழைகிறார்களா? அப்புறம், அந்த அண்ணனுக்கு அந்த நிறுவனம் திங்கட்கிழமை காலை மறு நேர்காணல் கொடுத்திருக்கிறது. அன்று என் கருவிகளை எல்லாம் அணைத்து வைக்கலாம் என்றிருக்கிறேன், மாடியில் மற்றவர்களிடமும் சொல்லவா?


சுவிட்ச் அறை:

பாஸ்வேர்ட் தெரிந்த அந்த இரண்டு நண்பர்களின் போன்கள் அந்தப் பட்டியலில் இருக்கலாம், மாற்றிவிட்டதால் இனி அவை நுழையாது. இன்னொரு காரணமும் உண்டு. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்ததிலிருந்து போன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரிக்கு (ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்) பதிலாக ஒரு தற்காலிக முகவரியைக் காட்டுகின்றன. நெட்வொர்க்கை நீக்கிவிட்டு மறுபடி இணைத்தால் சில நேரம் புது முகவரி போகும், எங்கள் கணக்கில் அது புதுக் கருவி. பட்டியலில் பழையவற்றை நீக்கிவிட்டு, இந்த ஒரு நெட்வொர்க்குக்கு மட்டும் போனின் அமைப்புகளில் நிலையான மேக் முகவரியைத் தேர்ந்தெடுங்கள்.

அணைத்து வைக்க வேண்டாம், இரண்டு கருவிகளால் பெரிய வித்தியாசம் வராது. அந்த அண்ணன் அறையிலும் சுவர் இணைப்பு இருக்கும். நீளமான கேபிள் ஒன்று வாங்கிக் கொடுங்கள், ஞாயிறு மாலையே லேப்டாப்பில் மாட்டி அரை மணி நேரம் வீடியோ அழைப்பு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சில சுவர் இணைப்புகள் உள்ளே சுவிட்சோடு இணைக்கப்பட்டே இருக்காது, திங்கட்கிழமை காலையில் அது தெரிய வரக்கூடாது.